கையெழுத்து விழுந்திட்டுது, காசு எங்க?

"சின்னக் கம்பனிதான், ஆனா பெரிய ஆக்களோட லைசன்ஸ் டீல் ஒண்டு வரப்போகுதாம். இப்ப வாங்கிப் போட்டா பிறகு மூண்டு மடங்கு."

பங்குச் சந்தைப் பக்கம் கொஞ்சமாவது எட்டிப் பார்த்த எவருக்கும் இந்த வசனம் ஒரு தடவையாவது வந்து சேர்ந்திருக்கும். வாட்ஸ்அப் குழுவில் வரும். கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணா அனுப்புவார். யூடியூப்பில் ஒருவர் கோடு கீறிக் காட்டுவார். கம்பனியின் பெயர் மாறும், கதை மாறாது. ஒரு சின்ன மென்பொருள் கம்பனி. கையில் நல்ல சரக்கு இருக்கிறது, காசுதான் குறைவு. பெரிய கம்பனி ஒன்று அந்த மென்பொருளைத் தன் பொருளுக்குள் போடுவதற்கு உரிமம் கேட்கிறது, அல்லது கேட்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அதற்குப் பிறகு நடக்கிற விவாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ஒப்பந்தம் கையெழுத்தாகுமா, ஆகாதா?

என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. கையெழுத்தானால் எதை எண்ணிக் காசு தருவார்கள், அந்த எண்ணிக்கை யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இதைச் சொல்ல 30 வருடத்துக்கு முந்தின ஒரு கம்பனியை எடுக்கிறேன். அதில் கையெழுத்து விழுந்தது. அதுவும் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய மென்பொருள் கம்பனியோடு விழுந்தது. எல்லாரும் காத்திருந்த நல்ல செய்தி வந்தே விட்டது. அப்படியிருந்தும் என்ன நடந்தது என்று பாருங்கோ.

1990 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஸ்பைகிளாஸ் என்றொரு கம்பனி தொடங்கப்பட்டது. இலினோய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ என்கிற சுப்பர் கணினி மையத்தில் உருவாகும் மென்பொருள்களை வியாபாரமாக்குவதுதான் நோக்கம். தொடக்கத்தில் விஞ்ஞானிகளுக்கு வரைபடம் கீறிக் கொடுக்கிற மென்பொருள்களைச் செய்துகொண்டிருந்தார்கள். 1993 இல் அதே மையத்திலிருந்து மொசைக் பிரவுசர் வெளிவந்தது. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் தெரிய, சாதாரண ஆட்களும் இணையத்தைத் திறந்து பார்க்கத் தொடங்கியது அதோடுதான். மொசைக்கை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் வெளியே போய் நெட்ஸ்கேப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழகம் மொசைக்கின் வணிக உரிமத்தை 1994 மே மாதம் ஸ்பைகிளாஸுக்குக் கொடுத்தது. அதைவிடச் சுவாரசியம், ஸ்பைகிளாஸில் பிரவுசர் வேலைக்குப் பொறுப்பாயிருந்த எரிக் சிங்க் பிற்காலத்தில் எழுதியது: உரிமம் வாங்கின அந்தக் கோடை அவர்கள் பாவிக்கவேயில்லையாம். பெயரையும் உரிமையையும் வைத்துக்கொண்டு விண்டோஸ், மக், யுனிக்ஸ் மூன்றுக்கும் புதிதாகவே எழுதினார்களாம்.

நெட்ஸ்கேப் பிரவுசரை ஆட்களுக்கு நேரே கொண்டுபோனது. ஸ்பைகிளாஸ் மற்றக் கம்பனிகளுக்கு உரிமம் கொடுத்தது. நீ உன் பொருளுக்குள் எங்கட பிரவுசரைப் போடு, எங்களுக்கு ஒரு பங்கு தா. கேட்க நல்ல திட்டம். விளம்பரச் செலவு இல்லை, கடை இல்லை, வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துவதும் இல்லை. 

அப்போது மைக்ரோசொப்ட் விண்டோஸ் 95 ஐ வெளியிட அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. கையில் பிரவுசர் இல்லை. 1994 இன் முடிவும் 1995 இன் தொடக்கமுமாக ஸ்பைகிளாஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்று நாம் அறிந்த பிரவுசரின் முதல் பதிப்பு ஸ்பைகிளாஸ் கோடிலிருந்துதான் வந்தது. அந்த பிரவுசரில் 'அபவுட்' பெட்டியைத் திறந்தால் ஸ்பைகிளாஸின் பெயர் இருக்கும். ஆறாவது பதிப்பு வரைக்கும் இருந்தது.

ஒப்பந்தத்தில் காசு இரண்டு துண்டு. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு குறைந்தபட்சத் தொகை. மற்றது, பிரவுசரால் மைக்ரோசொப்டுக்கு வருகிற வருமானத்தில் ஒரு வீதம். மேல் எல்லை இல்லாத அந்த இரண்டாவது துண்டில்தான் கனவு முழுக்க இருந்தது. விண்டோஸ் பாவிக்கிற ஒவ்வொருவரும் பிரவுசர் வாங்கினால்? கணக்குப் போட்டுப் பார்க்கவே தலை சுற்றும்.

1995 ஜூன் 27 இல் ஸ்பைகிளாஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. இந்தத் திகதியைக் கவனியுங்கோ. ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் பொதுமக்களுக்குப் பங்கு விற்கப்பட்டது. அதை வாங்கின ஆட்களுக்குக் 'கையெழுத்தாகுமா' என்ற பயமே இருக்கவில்லை. ஆறு கிழமை கழித்து ஓகஸ்ட் 9 இல் நெட்ஸ்கேப் 28 டொலருக்கு வந்து அன்றைக்கே 58 டொலர் தாண்டி முடிந்தது. பிரவுசர் என்ற சொல்லுக்கே அந்த வருடம் ஒரு விலை இருந்தது.

ஓகஸ்ட் 24 இல் விண்டோஸ் 95 வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் முதல் பதிப்பு 'பிளஸ்' என்று சுமார் 50 டொலருக்கு விற்ற ஒரு மேலதிகப் பொதிக்குள் இருந்தது. அதுவரைக்கும் சரி. நவம்பரில் இரண்டாவது பதிப்பு இலவசமாக வந்தது. டிசம்பர் 7 இல் பில் கேட்ஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இனிக் கம்பனியின் முழுக் கவனமும் இணையத்தில்தான் என்று அறிவித்தார். பிரவுசர் இலவசம், பிறகு விண்டோஸோடு சேர்த்தே இலவசம். பிரவுசரை விற்று வருகிற வருமானம் பூச்சியம். பூச்சியத்தில் எத்தனை வீதம் எடுத்தாலும் பூச்சியம்தான். ஸ்பைகிளாஸுக்கு வந்தது அந்தக் குறைந்தபட்சத் தொகை மட்டும்.

இதை ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். உங்களிடம் ஒரு தென்னந்தோட்டம். பக்கத்தில் இருக்கிற பெரிய கடைக்காரர் தோட்டத்தைக் கேட்கிறார். "மாசம் ஒரு சின்னக் காசு தாறன். அதுக்கு மேல தேங்காய் வித்த காசில பத்து வீதம் தாறன்" என்கிறார். கடை பெரிசு, சனம் கூட்டமாக வருகிற கடை. நீங்கள் சந்தோஷமாகக் கையெழுத்து வைக்கிறீர்கள். கடைக்காரர் என்ன செய்கிறார்? அரிசி மூட்டை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு தேங்காய் சும்மா கொடுக்கிறார். கடையில் அரிசி பறக்கிறது. உங்கள் தோட்டத்தில் ஒரு காய் மிச்சமில்லை. தேங்காய் வித்த காசு? ஒரு சதமும் இல்லை. அவர் உங்களை ஏமாற்றினாரா? ஒப்பந்தத்தை வாசித்தால் இல்லை.

1997 இல் ஸ்பைகிளாஸ் கணக்கைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த உரிமையைக் கையிலெடுத்தது. அதற்குப் பிறகு மைக்ரோசொப்ட் 80 லட்சம் டொலர் கொடுத்துக் கதையை முடித்தது. 80 லட்சம் சின்னக் காசில்லைதான். ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பொருளின் அடித்தளத்துக்கு அது என்ன விலை என்று நீங்களே யோசியுங்கோ. அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. மூலக் கோட் கைக்கு வந்ததால் மைக்ரோசொப்டின் ஆட்கள் அதைப் படித்து, திருத்தி, 1996 இல் வந்த மூன்றாவது பதிப்பை ஸ்பைகிளாஸ் கோட் இல்லாமலே எழுதிவிட்டார்கள். கட்டாயம் தேவையாயிருந்த பங்காளி ஒன்றரை வருடத்தில் தேவையில்லாத பங்காளியாகிவிட்டார்.

இந்தக் கதையை வழக்கமாகப் பெரிய கம்பனி சின்னக் கம்பனியை விழுங்கின கதையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மைக்ரோசொப்டுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருந்தது, ஏனென்றால் அது ஒரு காலத்தில் மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தது. 1981 இல் சியாட்டில் கம்பியூட்டர் புரொடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பனியிடமிருந்து 86-டொஸ் என்ற இயங்குதளத்தின் முழு உரிமையையும் 50,000 டொலருக்கு வாங்கியது. வாங்கினதை ஐபிஎம்முக்கு உரிமம் கொடுத்தது. அந்த நேரம் ஐபிஎம் ஒரு மலை, மைக்ரோசொப்ட் ஒரு குட்டிக் கம்பனி. ஐபிஎம்மிடம் பெரிய காசு கேட்டு அது அடம்பிடிக்கவில்லை. ஒரேயொரு விசயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை: அதே இயங்குதளத்தை வேறு கணினி தயாரிப்பாளர்களுக்கும் விற்கிற உரிமை. ஐபிஎம் கணினியைப் பார்த்து நூறு கம்பனிகள் அதேமாதிரிக் கணினி செய்தபோது அத்தனை பேரும் மைக்ரோசொப்டுக்குக் காசு கட்டினார்கள். ஒப்பந்தத்தில் எந்த வசனம் பெறுமதியானது என்று பில் கேட்ஸுக்கு 1981 இலேயே தெரியும். 1995 இல் அதே அறிவு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கையெழுத்து வைக்காத ஆட்களின் கதையும் இருக்கிறது. ஸ்டாக் எலெக்ட்ரோனிக்ஸ் என்று கலிபோர்னியாவில் ஒரு கம்பனி. (பெயரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம்.) வன்தட்டில் இருப்பதைச் சுருக்கி இடத்தை இரட்டிப்பாக்குகிற 'ஸ்டாக்கர்' என்ற மென்பொருள் அவர்களுடையது. வன்தட்டு விலை தீப்பிடித்த காலம், நல்லாய் விற்றது. 1992 இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். எம்எஸ்-டொஸ்ஸின் ஆறாவது பதிப்புக்குள் இதைப் போட மைக்ரோசொப்ட் பேசியது. விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் காசு தருவதில் இணக்கம் வராமல் பேச்சு முறிந்தது. 1993 இல் வந்த ஆறாவது பதிப்பில் மைக்ரோசொப்டின் சொந்தச் சுருக்கும் வசதி இருந்தது. ஸ்டாக் கம்பனி காப்புரிமை வழக்குப் போட்டது. 1994 பெப்ரவரியில் ஜூரி 12 கோடி டொலர் இழப்பீடு என்று சொன்னது. மைக்ரோசொப்டின் எதிர் வழக்கில் ஸ்டாக் கம்பனி 1 கோடியே 36 லட்சம் கட்டவேண்டும் என்றும் சொன்னது. கடைசியில் சமாதானம்: மைக்ரோசொப்ட் 4 கோடிக்குச் சற்றுக் குறைவான தொகையை ஸ்டாக் கம்பனியில் முதலிட்டது, அதற்கு மேல் 4 கோடியே 30 லட்சம் ரோயல்டியாக 43 மாதங்களில் கட்டியது.

பாருங்கோ, கையெழுத்து வைத்த கம்பனிக்குத் தீர்வாகக் கிடைத்தது 80 லட்சம். கையெழுத்து வைக்காமல் எழும்பிப் போன கம்பனிக்கு 8 கோடிக்கு மேல். ஸ்டாக் கம்பனியிடம் காப்புரிமை இருந்தது. நீதிமன்றத்தில் காட்டக்கூடிய ஒன்று. ஸ்பைகிளாஸிடம் இருந்தது கொஞ்சக் காலத்துக்குச் செல்லுபடியாகிற ஒரு முந்தல். நல்ல பொறியாளர்களைக் குவித்தால் அந்த முந்தலைப் பிடித்துவிடலாம். பிடித்தார்கள். (ஸ்டாக்கின் பொருளும் நீண்ட காலம் வாழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வன்தட்டு மலிந்துவிட்டது, சுருக்குவதற்கு ஆளில்லை. வழக்கில் வென்றாலும் சந்தை காத்திருக்காது.)

நம்மூர்ப் பக்கமும் ஒரு உதாரணம் உண்டு, ஆனால் அது வேறு வகை. கொழும்பில் 1996 இல் தொடங்கின மில்லேனியம் ஐடி பங்குச் சந்தைகளை இயக்குகிற மென்பொருளைச் செய்கிற கம்பனி. கொழும்புப் பங்குச் சந்தையின் தானியங்கி வர்த்தக முறைமையும் அவர்களுடையதுதான். 2009 இல் லண்டன் பங்குச் சந்தைக்குத் தன் பழைய முறைமையை மாற்றவேண்டியிருந்தது. உரிமம் மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அது 3 கோடி டொலருக்குக் கம்பனியையே வாங்கிவிட்டது. 2011 இல் லண்டனின் பங்கு வர்த்தகம் இலங்கைப் பொறியாளர்கள் எழுதின முறைமைக்கு மாறியது. மில்லேனியம் ஐடி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கவில்லை, ஆகவே நாம் யாரும் அதில் பங்கு வாங்கியிருக்க முடியாது. நான் இதைச் சொல்வது வேறு ஒன்றுக்காக: ஒரு மென்பொருள் இல்லாமல் தன் தொழிலே நின்றுபோகும் என்றால் பெரிய கம்பனி அதை வாடகைக்கு வைத்திருக்க விரும்பாது. வாங்கப் பார்க்கும், அல்லது தானே எழுதப் பார்க்கும். மூன்றாவது வழியான 'வருடக்கணக்காக ரோயல்டி கட்டிக்கொண்டே இருப்பது' நடக்காது என்றில்லை. ஆனால் பங்கு விலைக்குள் அடைக்கப்பட்டிருக்கிற நம்பிக்கை எப்போதும் அந்த மூன்றாவது வழியில்தான் இருக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். கற்பனை எண்கள்தான், ஆனால் இதைக் கடதாசியில் ஒருக்கா போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு கம்பனியின் பங்கு 10 ரூபா. ஒப்பந்தமே இல்லாவிட்டால் கையிருப்பும் இருக்கிற வாடிக்கையாளர்களும் சேர்ந்து பங்குக்கு 3 ரூபா பெறும். நல்ல ஒப்பந்தம் வந்தால் 18 ரூபா பெறும். கூட்டாளி சொல்கிறார், "எழுபது வீதம் ஷுவர்." சரி, 18 இன் 70 வீதம் 12.60, 3 இன் 30 வீதம் 0.90. மொத்தம் 13.50. பங்கு 10 ரூபாதானே, வாங்கலாம்!

ஆனால் அந்த 70 வீதத்துக்குள் இரண்டு விதமான கையெழுத்து ஒளிந்திருக்கிறது. விற்கிற பிரதிக்கு இவ்வளவு என்று எண்ணித் தருகிற கையெழுத்து ஒன்று. ஸ்பைகிளாஸுக்குக் கிடைத்த மாதிரிக் குறைந்தபட்சத் தொகையோடு நின்றுவிடுகிற கையெழுத்து மற்றது. இரண்டாவது வந்தால் பங்கு 5 ரூபா பெறும் என்று வைப்போம். இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு என்றால் கணக்கு இப்படி மாறும்: 18 இன் 35 வீதம் 6.30, 5 இன் 35 வீதம் 1.75, 3 இன் 30 வீதம் 0.90. மொத்தம் 8.95. கூட்டாளியின் 70 வீதத்தில் நாம் கை வைக்கவேயில்லை, அவர் சொன்னதை அப்படியே நம்பினோம். அப்படியும் 10 ரூபா கொடுத்து 9 ரூபாச் சாமான் வாங்குகிறோம்.

அதற்கு மேல் காத்திருக்கிற செலவு. ஒப்பந்தம் "அடுத்த காலாண்டில்" என்று நாலு காலாண்டு இழுபடும். பொறியாளர்களுக்கு மாதம் மாதம் சம்பளம் போகவேண்டும். காசு முடிந்தால் சின்னக் கம்பனி செய்வது ஒன்றே ஒன்றுதான்: புதுப் பங்கு அச்சடித்து விற்பது. ஒரு கோடிப் பங்கு இருந்த இடத்தில் இன்னும் 20 லட்சம் சேர்ந்தால், கம்பனியின் பெறுமதி அப்படியே இருந்தாலும் உங்கள் 18 ரூபா 15 ஆகிவிடும். நல்ல செய்தியும் வரும், நீங்கள் எதிர்பார்த்த விலை வராது. பெரிய கம்பனியின் பேச்சாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சின்னக் கம்பனியின் வங்கிக் கணக்கு எப்போது வற்றும் என்பது வெளியிடப்பட்ட கணக்கறிக்கையிலேயே இருக்கிறதே. வற்றும் வரை மேசையில் அமைதியாக இருந்தாலே போதும், விலை தானாக இறங்கி வரும்.

"சரி, ஒப்பந்தத்தில என்ன இருக்குதெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட கம்பனி என்றால், முக்கியமான ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலு வேலைநாளுக்குள் 8-கே என்ற அறிவிப்பைப் போடவேண்டும். எட்கர் என்ற அரசாங்கத் தளத்தில் அதை வவுனியாவில் இருந்தும் இலவசமாக வாசிக்கலாம். ஒப்பந்தத்தின் பிரதியும் பெரும்பாலும் பிறகு இணைக்கப்படும். திறந்து பார்த்தால் நமக்குத் தேவையான இடத்தில் மட்டும் நட்சத்திரக் குறிகள் இருக்கும். ஒரு பிரதிக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்பதெல்லாம் வியாபார இரகசியம் என்று மறைக்க அனுமதி உண்டு. ஆனால் எண்ணை மறைத்தாலும் சொற்களைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. 'விற்பனை வருமானத்தில் வீதம்' என்று எழுதியிருக்கிறதா, 'விநியோகிக்கப்படும் ஒவ்வொரு பிரதிக்கும்' என்று எழுதியிருக்கிறதா? இலவசமாகக் கொடுத்தால் என்ன என்று ஒரு வரியாவது இருக்கிறதா? மூலக் கோட் கைமாறுகிறதா? மற்றவர்களுக்கு விற்கிற உரிமை சின்னக் கம்பனியிடமே இருக்கிறதா? எத்தனை நாள் அறிவித்தலில் முறிக்கலாம்? இதற்கெல்லாம் எண் தேவையில்லை. பத்திரிகை அறிக்கையில் இவை ஒன்றும் இருக்காது. அங்கே 'மூலோபாயப் பங்காளி' என்ற சொல்தான் இருக்கும்.

கணக்கியல் படிக்கிற ஆட்களுக்கு இன்னொரு இடம். இலங்கையில் 2018 இலிருந்து நடைமுறையில் இருக்கிற எஸ்எல்எஃப்ஆர்எஸ் 15 நியமத்தின்படி, விற்பனையை அல்லது பாவனையை வைத்து வருகிற ரோயல்டியை அந்த விற்பனை நடந்த பிறகுதான் வருமானமாகப் பதியலாம். ஆனால் மென்பொருளைப் பாவிக்கிற உரிமைக்கான நிலையான தொகை, கட்டுவது பல வருடத்துக்கு இழுபட்டாலும், தொடக்கத்திலேயே மொத்தமாகப் பதியப்படலாம். அமெரிக்க நியமமும் இதே போக்குத்தான். ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தான காலாண்டில் வருமானம் திடீரென்று பாய்ந்தால், அது கனவு பலித்ததற்கு அடையாளம் இல்லை. பெரும்பாலும் எதிர்மாறு: அந்தக் குறைந்தபட்சத் தொகை முழுக்க ஒரே தடவையில் பதியப்பட்டிருக்கிறது. வருமானம் கூடியிருக்க, வங்கிக்கு வந்த காசு கூடாமல், 'பெறவேண்டிய தொகை' மட்டும் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நான் இலாப நட்டக் கணக்கைவிடக் காசுப்பாய்ச்சல் கூற்றைத்தான் முதலில் திறப்பேன். 

இதெல்லாம் வாசித்துவிட்டு இப்படியான பங்குகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். நான் தொடக்கூடிய ஒரு வகை இருக்கிறது: ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இருக்கிற வாடிக்கையாளர்களின் காசில் சம்பளம் கட்டி ஓடக்கூடிய கம்பனி. அப்படியான கம்பனிக்கு மேசையிலிருந்து எழும்பிப் போக முடியும். எழும்பிப் போகக்கூடியவருக்குத்தான் நல்ல வசனங்கள் கிடைக்கும். ஒப்பந்தம் வந்தால்தான் கம்பனி உயிரோடு இருக்கும் என்ற நிலை என்றால், அந்த ஒப்பந்தம் மோசமாகத்தான் வரும் என்று எடுத்துக்கொள்வேன். நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை. பசியோடு சந்தைக்குப் போகிறவர் பேரம் பேச முடியாது.

ஸ்பைகிளாஸைப் பற்றி விசயம் தெரிந்த ஒருவர் இந்த இடத்தில் என்னை மறிப்பார். "ஏன் முழுக் கதையையும் சொல்லேல்ல? 2000 ஆம் ஆண்டு அந்தக் கம்பனியை 250 கோடி டொலருக்கு வாங்கினவங்களே!" உண்மைதான். மைக்ரோசொப்ட் கதை முடிந்த பிறகு ஸ்பைகிளாஸ் தொலைக்காட்சிப் பெட்டி, கைக்கருவிகளுக்கான சின்ன பிரவுசர் பக்கம் திரும்பியது. 2000 மார்ச்சில் ஓபன்டிவி என்ற கம்பனி அதை வாங்குவதாக அறிவித்தது, ஜூலையில் வாங்கி முடித்தது. ஐந்து வருடம் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு வாழ்க்கையே மாறியிருக்கலாம். ஆனால் அந்த இலாபம் மைக்ரோசொப்ட் ஒப்பந்தத்தால் வந்ததல்ல, அதைப் பார்த்துப் பங்கு வாங்கின ஒருவர் சரியாகக் கணித்தார் என்றும் சொல்ல முடியாது. டொட்கொம் பைத்தியம் உச்சத்தில் இருந்த மாதம் அது. இன்னொன்று, அந்த 250 கோடியும் காசாகக் கொடுக்கப்படவில்லை, ஓபன்டிவியின் பங்குகளாகக் கொடுக்கப்பட்டது. உடனே விற்றவர் தப்பினார். 2009 இல் குடெல்ஸ்கி என்ற சுவிஸ் குழுமம் ஓபன்டிவியின் மிச்சப் பங்குகளை வாங்க முன்வந்தபோது கொடுத்த விலை, ஒரு பங்குக்கு 1 டொலர் 55 சதம்.